பஞ்சுப் பனியும் சாமி விளக்கும்

மெல்பேர்னுக்கு நாங்கள் குடிவந்த புதிது, எழுபதுகளின் நடுப்பகுதி. மே விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், குளிருக்கு அடைத்துக் கிடந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூங்காவில் பொறுக்கிய பைன் காய்களில், விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்துப் பனிபோல ஒட்டினேன். செலவே இல்லை. கதவருகே வைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. மேசையில் வைத்தேன், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் யன்னலோரமிருந்த சாமித்தட்டில் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியதும் ஒரு காயின் பஞ்சில் தீப்பிடித்தது. சின்னத் தீதான், ஊதினால் அணைந்திருக்கும். நானோ அணைக்கப் பூவைத் தேடினேன்!

தேநீரோடு வந்த கணவர், "என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊதும்!" என்று கத்தினார்.

"சாமிக்கு ஏத்தினதை வாயால ஊதக் கூடாதெல்லோ!"

அதற்குள் திரைச்சீலையில் தீ ஏறிவிட்டது. அவர் அதைப் பிடுங்கி மிதித்துவிட்டு, எரிந்த காயோடு சாமிப்படங்களும் நனையத் தேநீரை ஊற்றினார்.

இப்போதும் பைன் காய்களை அலங்கரிக்கிறேன், ஆனால் வாசற்படியோடு சரி. விளக்கருகே எப்போதும் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். வருகிறவர்கள் அதைத் தீர்த்தமென்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை.