சைமியின் கோணல் கோடுகள்

சைமி நகராட்சியின் பனிவாரி வண்டியை ஓட்டினாள். ஊர்ச் சாலைகளை நூல் பிடித்த மாதிரி வழித்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வந்து மண்வாரியைக் கையில் எடுத்தால் மட்டும் பனியில் அவள் வழிக்கிற கோடு தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு போகும். "சம்பளம் குடுத்தாத்தான் நேரா வழிப்பியா?" என்று அவள் புருஷன் தௌனோ காலமெல்லாம் அந்த ஒரே கிண்டலை வைத்து ஓட்டினான். அவளோ மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவாள்.

கோடுகள் அழகுக்காக அல்ல. உறைந்த ஏரியில் முக்கோணமாக ஒரு ஓட்டை அறுத்து அதற்குள் மூழ்குகிறவனுக்குத் தலைக்கு மேலே பனிக்கட்டிக் கூரை. நினைத்த இடத்தில் மேலே வர முடியாது, போன வழியாகத்தான் வர வேண்டும். ஓட்டையைச் சுற்றி நாலா பக்கமும் பனியை நீளநீளமாக வழித்துவிட்டால் அந்த இடங்களில் வெளிச்சம் கீழே இறங்கும். இடுப்பில் கட்டிய கயிறு கைவிட்டாலும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிடலாம். ஊர் மூழ்குநர் சங்கத்தில் கோடு வழிப்பது என்றைக்கும் சைமியின் வேலை. கயிறு பிடிப்பதும் அவள்தான்.

கயிறு பிடிக்கிறவருக்குச் சட்டம் ஒன்றுதான். கீழே ஆள் இருக்கிறவரை இரண்டு கையும் கயிற்றில் இருக்க வேண்டும். ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம், பதிலும் ஒரு இழுப்பு. விடாமல் இழுத்தால் ஆபத்து. கயிறு பிடிக்கிறவருக்கென்று ஒரு கப் காபியை ஊற்றிப் பக்கத்துச் சறுக்கு வண்டியில் வைத்துவிடுவார்கள். தொடக் கூடாது. மேலே வந்தவன் அந்த ஆறிய காபியைக் கொட்டிவிட்டு, தன் கையால் சூடாக ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவன் சொல்கிற நன்றி. வாய்விட்டு நன்றி சொல்கிற பழக்கம் அந்த ஏரிக்கரையில் யாருக்கும் கிடையாது.

கல்யாணமான புதிதில் சைமியும் பனிக்கட்டிக்கு அடியில் போனவள்தான். முதல் தடவை அவள் கீழே இருந்தபோது தௌனோ கயிறு பிடித்தான். அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். பதில் இல்லை. மறுபடி இழுத்தாள். கயிறு முளையில் கட்டின மாதிரி கிடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்பி, ஓட்டையில் தலையை நீட்டிப் பார்த்தால் தௌனோ கயிற்றைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கப்.

அவள் கத்தவில்லை. மேலே ஏறி, அவன் காலடியிலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டினாள். "இனிமே கயிறு எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள், அவ்வளவுதான். அதோடு பனிக்கட்டிக்கு அடியில் போவதை விட்டாள். கோடையில் எல்லோரையும்போல மூழ்குவாள். குளிர்காலத்தில் அவள் இடம் மேலே. தௌனோவும் அதற்குப் பிறகு ஏரியில் காபியைத் தொடவில்லை. எல்லோரும் காபி குடிக்கும்போது அவன் மட்டும் சூடான பெர்ரிச் சாறு குடிப்பான். சைமி அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஓட்டையிலிருந்து ஏறியதும் அவன் சொல்வான்: "கீழேருந்து ஒரு தடவை நீ பாக்கணும் சைமி. உன் கோடு எப்படித் தெரியுது தெரியுமா?" அவள் அவனுடைய சிலிண்டரைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள்.

போன இலையுதிர்காலத்தில், யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த தௌனோ அப்படியே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

குளிர்காலத்தின் முதல் ஞாயிறு. சைமி கோடுகளை வழித்து முடித்துவிட்டு, தௌனோவின் சிநேகிதன் வெய்க்கோவிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

"இன்னைக்கு நான் கீழே போறேன். நீ பிடி."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன?"

"கோட்டைப் பாக்கணும்."

"சொன்னா ஹில்க்கா ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடுவாளே" என்றான் வெய்க்கோ. அவன் மகள் ஹில்க்கா முழு உடுப்போடு ஓட்டையின் விளிம்பில் காத்திருந்தாள். ஏதாவது ஆனால் குதிக்க வேண்டியவள், அவள் கயிறு இன்னும் நீளம்.

கம்பளி உள்ளுடுப்பு, அதன்மேல் நீர் புகாத உடுப்பு, அதன்மேல் கயிறு மாட்டும் வார், எல்லாவற்றுக்கும் மேலே சிலிண்டர். மூச்சுக் கருவி இரண்டு, ஒன்று உறைந்தால் இன்னொன்று. "தண்ணிக்குள்ள போறவரைக்கும் அதுல மூச்சு விடாத, உறைஞ்சிடும்" என்றாள் ஹில்க்கா. "நீ பொறக்கறதுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்டி" என்றாள் சைமி. கயிற்றின் முடிச்சைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"முடிச்சை நான் பாத்துட்டேன்" என்றான் வெய்க்கோ.

"நானும் பாக்கறேன்."

கால் இரண்டும் தண்ணீரில். உள்ளே போக மனசு வரவில்லை. பயம்தான், வேறு என்ன. சறுக்கு வண்டியில் வெய்க்கோவின் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"தொடமாட்டேன் சைமி. கை ரெண்டும் இங்கதான் இருக்கு, பாரு."

இறங்கினாள்.

கீழே தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்கப்பால் இருட்டு. கொஞ்ச தூரம் போய் நின்று, ஒரு இழுப்பு இழுத்தாள். பழைய நாள் முழுக்க நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. அடுத்த மூச்சுக்குள் கயிறு அவள் இடுப்பைச் சுண்டியது. ஒரு இழுப்பு. அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். கூரை முழுக்க வெளிச்சம் கோடு கோடாக ஓடியது, எல்லாம் அந்த ஓட்டையைப் பார்த்து. ஒன்றுகூட நேராக இல்லை. தண்ணீருக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது. குமிழிகள் பனிக்கட்டியின் அடியில் உருண்டு ஓடின. தௌனோ இதைத்தான் ஒவ்வொரு வருஷமும் தனியாகப் பார்த்திருக்கிறான்.

மேலே வந்ததும் வழக்கப்படி வெய்க்கோவின் கப்பை எடுத்தாள். காபியின் மேல் மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது. கொட்டிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

"எப்படி இருந்துது?"

"கோணல்தான். அவன் பொய் சொல்லல." ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வருஷா வருஷம் கூப்பிட்டான், வெய்க்கோ. ஒரு கப் காபிக்காக நான் போகவே இல்ல."

வெய்க்கோ கயிற்றைச் சுருட்டி முடித்தான்.

"அன்னைக்கு அந்தக் காபி அவனுக்கு இல்ல" என்றான். "நீ விறைச்சுப் போய் மேலே வருவேன்னு உனக்காக ஊத்தப் பாத்தான். எங்கிட்ட ஒரு தடவை சொன்னான். அவகிட்ட சொல்லேன்டான்னேன். 'சொன்னா சாக்கு மாதிரி ஆயிடும். கயிறை விட்டது விட்டதுதான்'னுட்டான்."

சைமி கப்பை அவனிடம் நீட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். சறுக்கு வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கத்தை மீறி, முதல் வாயைத் தானே குடித்தாள்.

"உனக்கு வேற ஊத்தித் தரேன்" என்றாள். "இது எனக்கு ஊத்தினது."