ஹைபெக்கில் விழுந்த இரண்டாவது அடி

டேனிஷ் நகரமான இக்காஸ்டிலிருந்து வடக்கே இருபது நிமிடம் கார் ஓடினால் ஹைபெக் வரும். ஒரே தெரு, முப்பத்தெட்டு வீடுகள், மேட்டில் வெள்ளையடித்த தேவாலயம், பள்ளத்தில் ஓடை. வளைந்து வளைந்து ஓடிய அந்த ஓடையை அறுபதுகளில் இயந்திரம் கொண்டு நேராக வெட்டினார்கள். மேற்கரைக் குடும்பத்தின் புல்வெளி அதனால் கீழ்க்கரைக் குடும்பத்துக்குப் போனது. அந்த வருடமே ஒரு வைக்கோற்போர் எரிந்தது; ஒருவரின் தாடை உடைந்தது.

சுஜாந்தினிக்கு இதையெல்லாம் சொன்னவர் மேற்கரை விகோ. எண்பத்தொரு வயது, தனியாள். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுஜாந்தினி, இக்காஸ்டில் தையல் ஆலை பூட்டும்வரை அங்கே வேலை செய்தாள். பிறகு படித்து, முதியவர்களை வீட்டில் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பதினொரு வருடமாகக் காலையில் விகோவின் வீங்கிய கால்களுக்கு இறுக்கக் காலுறை போட்டுவிடுவது அவள்தான்.

ஓடையைப் பழையபடி வளையவிட நகரசபை தீர்மானித்தது. விகோ சம்மதித்துக் கையெழுத்திட்டார். கீழ்க்கரை ஏர்லிங்கின் மாடுகள் மேயும் வெளி சேறாகப் போகிறது. முதலில் விகோவின் தபால்பெட்டியை டிராக்டர் நசுக்கியது. பிறகு அவருடைய நாய் வாசலில் செத்துக் கிடந்தது, கழுத்தைச் சுற்றிக் கம்பி. சுஜாந்தினிதான் அதைப் புதைத்தாள்.

"பொலிசுக்குச் சொல்லுவமா?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும். சாட்சி ஆர்?" என்றார் விகோ.

மார்ச் மாதக் காலையொன்றில் விகோவின் சமையலறையில் அவள் முழங்காலிட்டு ஒரு காலுறையைப் போட்டு முடித்திருந்தபோது கதவு உதைபட்டுத் திறந்தது. ஏர்லிங், கையில் வேலிக்கட்டையோடு.

"கையெழுத்தைத் திருப்பி எடு."

"எடுக்கமாட்டன்."

முதல் அடி விகோவின் தோளில் விழுந்தது, அடுத்தது தலையில். இரத்தம் சுஜாந்தினியின் சட்டையில் தெறித்தது. எழுந்து குறுக்கே கையை நீட்டினாள். வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஏர்லிங் அவளைத் தள்ளிவிட்டு மீண்டும் விகோவின் தலையில் ஓங்கி அடித்தான். அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சிச் சட்டியை இடது கையால் தூக்கி அவன் காதோடு சேர்த்து அடித்தாள்.

கட்டை விழுந்தது. ஏர்லிங் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"போதும்," என்றான்.

அவள் மறுபடி அடித்தாள். முகத்தில். கன்ன எலும்பு உள்ளே போனது.

ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிடமானது. அதுவரை ஒரு துவாயை விகோவின் தலையில் அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு துவாய் தொங்கியது. ஏர்லிங்குக்கு அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் விகோ இறந்துபோனார். ஏர்லிங்கின் ஒரு கண் பார்வை போயிற்று. விகோவின் உயிரைக் காப்பாற்றத்தான் அவள் அடித்தாள் என்று பொலிஸ் எழுதிக்கொண்டது.

ஏர்லிங்கின் வழக்குக்கு முதல்நாள் அவள் தன் கணவன் மகேந்திரராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீர் ஏன் இதைக் கோர்ட்டில சொல்லோணும்? ஆரும் கேக்கேல்லையே."

"அடிச்சது நான். நான்தான் சொல்லோணும்."

"வேலை போயிடும், சுஜா."

"போகட்டும்."

மறுநாள் அவள் எழுந்து நின்று சொன்னாள்: "ரெண்டாந்தரம் அடிக்கேக்க அவர் போதும் எண்டு சொல்லிப்போட்டார். எனக்குக் கேட்டது. கேட்டுத்தான் அடிச்சனான்."

அதுவரை குனிந்திருந்த ஏர்லிங் தலையைத் தூக்கினான்.

அவனுக்குப் பத்து வருடச் சிறை. அவள் பயத்தில் எல்லை மீறினாள், அதற்குத் தண்டனையில்லை என்றது நீதிமன்றம். வேலையும் போகவில்லை. "அது பயமில்லை, கோபம்," என்று வீட்டுக்குப் போகும் வழியில் மகேந்திரராசாவிடம் சொன்னாள். அவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இலையுதிர்காலத்தில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்கள் வந்து ஓடையை வளைத்தன. புல்வெளியில் தண்ணீர் நின்றது. சுஜாந்தினியின் பட்டியலில் புதிதாக ஒரு வீடு சேர்ந்தது: ஏர்லிங்கின் மனைவி இங்கா, இரண்டு காலிலும் ஆறாத புண். வேறு ஆளை அனுப்பலாம் என்று மேலாளர் சொன்னார். சுஜாந்தினி தானே போனாள்.

மூன்று வாரம் இங்கா ஒரு சொல் பேசவில்லை. நான்காவது வாரம், ஒரு காலின் கட்டுத்துணியை அவிழ்க்கும்போது கேட்டாள்.

"அவர் விழுந்த பிறகோ அடிச்சனீர்?"

"ஓம்."

இங்கா மற்றக் காலை நீட்டினாள்.