புஷ்பவள்ளி அக்காவின் பச்சைக்கிளி

கரங்கான் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதினைந்து வருடமாகக் கரகம் ஆடுகிறவர் புஷ்பவள்ளி அக்கா. மற்ற நாளெல்லாம் கூலிம் டவுனில் கையுறைத் தொழிற்சாலை வேலை. உறுமி அடிக்கிற என் கை ஓய்ந்தாலும் அவர் கால் ஓயாது. அப்படி ஓர் ஆட்டம்!

கரகத்துக்கு ஆற்றில் தண்ணீர் மொள்வதுதான் வழக்கம். ஆறு குப்பை அடைத்து நாறிப்போனதால் மூன்று வருடமாகக் குழாய்த் தண்ணீர். வெட்கக்கேடு! இந்த வருடம் அக்கா ஒரே போடாகப் போட்டார்.

“ஆத்துத் தண்ணி இல்லன்னா நான் ஆடமாட்டேன்.”

“மேல்தோட்டத்துக்காரன் குப்ப கொட்டுனா நாம என்னா தங்கச்சி செய்யறது? பைப் தண்ணி போதும்லா,” என்றார் கோயில் தலைவர் பழனியாண்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக ஆற்றில் இறங்கிவிட்டார். பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராமல் நானும் இறங்கினேன். நாலாவது ஞாயிறு இருபது பேர் சேர்ந்துவிட்டோம்.

வாரிப் போட்டதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜரிகை மாலை, உடைந்த சாமி படம், பூஜைப் பூ கட்டிய பிளாஸ்டிக் பை. மேல்தோட்டத்துக்காரன் எங்கே வந்தான்? சாமி சாமானைக் குப்பையில் போடக்கூடாது என்று ஆற்றில் விட்ட புண்ணியவான்கள் நாங்களேதான்!

அக்கா சேற்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிளியை எடுத்தார். கரகத்தின் உச்சியில் குத்துகிற கிளி. துடைத்துப் பார்த்தால், அடியில் அவர் கையால் சுற்றிய சிவப்பு ஒயர்.

“வசந்தா, இது என் கிளிடா,” என்றார் என்னிடம். கண் கலங்கிவிட்டது. “திருவிழா முடிஞ்சதும் நான்தான் விட்டேன். இந்த ஆத்த நானும்தான்டா கெடுத்தேன்.”

திருவிழாவன்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பளிங்கு என்று சொல்ல மாட்டேன், நாற்றம் இல்லை. மொண்டோம். தலைவர் புதுக் கிளி வாங்கி வந்திருந்தார். அக்கா அதை ஒதுக்கிவிட்டு, வெளுத்த பழைய கிளியைக் கரகத்தில் குத்தினார்.

“அழுக்குக் கிளிய ஆத்தாளுக்கு வைக்கலாமா?” என்று கேட்டார் தலைவர்.

“ஆத்தாளோட ஆத்துல நாம வச்சதுதானே, அண்ணே.”

எப்போதும் கோயிலைப் பார்த்து ஆடத் தொடங்குகிற அக்கா, அன்று ஆற்றைப் பார்த்து மூன்று சுற்று ஆடினார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. இரண்டு கையிலும் உறுமிக் குச்சி.

எல்லாம் முடிந்ததும், கழற்றிய மாலையோடு தலைவர் வழக்கம்போல ஆற்றங்கரைக்கு வந்தார். அங்கே அக்கா குழாயடியில் கிளியைக் கழுவிக்கொண்டிருந்தார், அடுத்த வருடத்துக்கு. தலைவர் அதைப் பார்த்தார். பிறகு மாலையை வீட்டுக்கே எடுத்துப் போனார்.