பெட்டி வாசலில் வெள்ளைத்தூள்

கொய்யாப்பூவை நான் நம்புவதில்லை. நூல்நூலாய், வெள்ளையாய் விரிந்து நிற்கும். அது உதிர்ந்த இடத்திலிருந்துதான் பிறகு காய் கருகத் தொடங்கும். மாவடிப்பள்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டம் இரண்டு வருஷமாய் இப்படித்தான் அழுகிப் போனது. மனைவிக்குச் சீதனமாய் வந்த காணி. ஆனாலும் அங்கே சட்டம் மாமியுடையது.

"இந்த முறையும் அழுகினா எல்லா மரத்தையும் தறிச்சிட்டு வாழக்கண்டு வெப்பன்" என்றுவிட்டார்.

பூக்கிற நேரம் பார்த்து, விவசாயம் படித்த மனைவியின் தம்பி தேன்பெட்டிகளோடு வந்தான். ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஒரு தட்டு, தட்டில் வெள்ளைத்தூள். அதை மிதித்துத்தான் தேனீ வெளியே போகவேண்டும்.

"இது நல்ல பங்கசு மச்சான், பூஞ்சணம். தேனீட கால்ல ஒட்டிக்கிட்டுப் பூவுக்குப் போகும். இது முந்திக் குடியேறிட்டா அழுகல் பங்கசுக்கு அங்க இடமில்ல."

"நல்ல பங்கசு எண்டு ஆரு சொன்ன?"

"நீங்க கவிதைய எழுதுங்க மச்சான்."

அவன் போன பிறகு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பார்த்தேன். மாவு மில்லிலிருந்து வருகிற ஆட்கள் மாதிரி தேனீக்கள் வெளுத்துப்போய் வந்தன. எங்கள் பூவுக்குத்தான் போகின்றனவா, அடுத்த வளவுத் தென்னம்பாளைக்கா? ஒன்றின் பின்னால் ஓடினேன். வேலிக்கு மேலால் போய்விட்டது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு நான் வருவதற்குள் மாமி வந்திருந்தார். தூளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசலில் தெரியாத தூள் கிடந்தால் சூனியம்தான், வேறு யோசனையே வராது. ஓதின தண்ணீர்ப் போத்தல் வெறுமையாய்க் கையில் இருந்தது. தட்டுகளில் தூள் களியாகிவிட்டது. தேனீக்கள் வாசலுக்குள்ளேயே குவிந்து இரைந்தன. வெளியே பூக்கள் திறந்து கிடந்தன.

விஷயத்தைச் சொன்னேன்.

"நோயக் கொண்டு நோயப் போக்கவா? ஆரு சொன்ன?"

"உங்கட மகன்தான்."

"அவன்ட கூட்டாளிமார் ஆரெண்டு விசாரிச்சீங்களா?"

என் சந்தேகத்தையே வேறொரு வாயில் கேட்டேன். பிடிக்கவில்லை. மச்சானுக்குப் போன் எடுத்தேன். சிரித்து முடித்துவிட்டு, "தட்டக் கழுவி, நல்லாக் காயவெச்சி, புதுத்தூள் போடுங்க. பூ உங்களுக்காகப் பாத்துக்கிட்டு இரிக்காது" என்றான்.

கழுவினேன். காய்ந்ததும் தூள் போட்டேன். மாமி குனிந்து ஓதி ஊதினார். பாதித் தூள் என் சேர்ட்டில்.

"தூரத்தில நிண்டு ஊதுங்க மாமி!"

அதன்பிறகு பூ முடியும்வரை காலையில் நான் தூள் போட, அவர் நாலு முழம் தள்ளி நின்று ஓதினார். இருவரும் ஒருவரையொருவர் காவல் காத்தோம்.

காய் முற்றியது. கருகல் இருந்தது, போன வருஷம் போல் இல்லை. தூளா, ஓதலா, இந்த வருஷத்து வெயிலா, நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாமி முதல் பழத்தைப் பிளந்து, முனையை முகர்ந்து பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"மருமகன் முதல்ல தின்னுங்க."

தின்றேன்.

"எப்பிடி?"

"இனிக்கிது."

"வயிறு?"

"இன்னும் தெரியாது."

பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லி ஒரு கீறு கடித்தார், மென்றார், விதையைத் துப்பினார்.

"வாழக்கண்டு கொண்டாறவன வரவேணாம் எண்டு சொல்லுங்க."