பொன் எழுத்தில் ஒரு பில் புத்தகம்

எங்கள் தெருவில் பதினான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதியவர் ஒரே ஆள். எல்லோருக்கும் அவர் கணக்கு அக்கா. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கடைக்கும் வருவார். அவர் தலை தெரிந்ததும் நாங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வோம். கடன் கேட்டு வருகிறவரைக்கூட உட்காரச் சொல்வோம். பில் கேட்டு வருகிறவரைக் கண்டால் எங்களுக்கு ஆகாது.

நான் பைண்டிங் கடைக்காரன். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, அலுவலகப் பதிவேடு, கிழிந்த பாடப்புத்தகம், எது வந்தாலும் தைத்து அட்டை போட்டுக் கொடுப்பேன். வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. அதன் மேல்தான் அக்கா கைப்பையை வைப்பார். எட்டு வருடமாக ஒரே கேள்வி.

“தம்பி, பில்?”

சட்டைப் பையிலிருந்தும், பசை டப்பாவுக்கு அடியிலிருந்தும், மேசைக்கால் ஆடாமல் இருக்க மடித்துச் செருகிய இடத்திலிருந்தும் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, நோட்டில் ஏற்றுவார். அலுப்பு முகத்தில் தெரியும், ஆனால் வாய் திறந்து திட்டமாட்டார். திட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு உறைத்திருக்கும்.

நாங்கள் சரக்கு வாங்கும் மொத்த வியாபாரக் கடைகளில் இப்போது கொடுப்பதெல்லாம் சின்ன மெஷினிலிருந்து நாக்கு மாதிரி நீளும் வழவழப்பான பில். சூட்டில் அச்சாகும் தாள். அக்கா அதைப் பற்றி ஒரு நாள் சொன்னார்.

“இதுல எழுத்து ரொம்ப நாள் நிக்காது. வர்ற அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து சேர்த்து பின் அடிச்சு வை. மெஷின் உன் பக்கத்துலயே நிக்குது.”

சரி என்று தலையாட்டினேன். எடுக்கவில்லை. ஊராரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்குத் தன் கணக்கில் ஒரு தாள் செலவழிக்க மனசு வரவில்லை. கூடவே தொழில் திமிர் வேறு. காகிதத்தைக் காப்பாற்ற எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டுமா என்ன? அக்கா ஏற்றி முடித்த ஒரு வருடத்துப் பில்களை எல்லாம் பெரிய தாள்களில் வரிசையாக ஒட்டினேன். எழுத்து அழியக் கூடாது என்று ஒவ்வொரு பில் மேலும் அகலமான கண்ணாடி டேப்பை இழுத்து மூடினேன். தைத்து, துணி அட்டை போட்டு, முதுகில் பொன் எழுத்தில் ‘கொள்முதல்’ என்று பதித்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பில்.

“நம்ம கல்யாண ஆல்பத்துக்குக்கூட நீங்க இவ்வளவு மெனக்கெடல” என்றாள் மனைவி. ஒரு நாள் அக்காவை அசத்தலாம் என்று புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வருடம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாளும் அட்டையும் வாங்கியபோது செலுத்திய வரியை என் வரியில் கழித்திருந்தோம் அல்லவா, அதற்கான பில்களைப் பதினைந்து நாளுக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழித்ததை அபராதத்தோடு கட்ட வேண்டும். கட்டட உரிமையாளர் கூடுதல் முன்பணம் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். அதற்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் மட்டும்தான் கையில் இருந்தது. அபராதம் கட்டினால் கடை போய்விடும்.

அக்கா அப்போது வேலையை விடுவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். மற்ற பதிமூன்று கடைகளின் நோட்டுகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னுடையது மட்டும் பாக்கி. கடிதத்தை வாசித்துவிட்டு, “பில்லை எடு” என்றார்.

நான் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அக்கா திறந்தார். டேப்பின் பசை எழுத்தை எல்லாம் தின்றுவிட்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெறும் வெள்ளைச் சீட்டுகள். ஓரத்தில் அவர் பென்சிலால் போட்ட எண்கள் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்படியே இருந்தன. ஒரு பக்கம் விடாமல் கடைசி வரைக்கும் புரட்டினார்.

“அழகா இருக்கு தம்பி.”

அவ்வளவுதான் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“நோட்டுல கடை பேரும் தேதியும் பில் நம்பரும் இருக்கு. ஒவ்வொரு மொத்தக் கடையா போய் நகல் கேக்கணும்.”

“நான் போறேன்க்கா.”

“நீ போனா நாளைக்கு வாங்கன்னு சொல்லியே பதினஞ்சு நாளையும் ஓட்டிடுவாங்க. நான் போய் எதிர்ல உக்காந்தாதான் நடக்கும். நீ கடையைப் பாரு.”

மொத்தம் பதினோரு கடைகள். தினமும் மாலையில் வந்து, வாங்கிய நகல்களை வைத்து நோட்டில் அந்தந்த எண்களை அடித்துவிடுவார். இன்றைக்குப் பன்னிரண்டு, இன்றைக்கு ஐந்து, இன்றைக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். பத்தாவது நாள் எனக்கே பொறுக்காமல் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கூடவே போனேன்.

அது அட்டை வியாபாரியின் கிடங்கு. கணக்குப் பிரிவு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அக்கா ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த படியில் இரண்டு காலையும் வைத்தார். கைகொடுக்கப் போனேன். “நீ முன்னாடி போ, பின்னாடி நின்னா எனக்கு அவசரமா இருக்கு” என்றார்.

மேலே ஒரு கணக்கர் இருந்தார், மூக்குக்கண்ணாடியின் காதை நூலால் கட்டியவர். பழைய கோப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அக்கா கேட்காமலே ஒரு மூட்டையை அவிழ்த்து, அவருக்காகத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஏற்பாடு போலிருக்கிறது. அக்கா மும்முரமாக இருந்தபோது கணக்கர் என் பக்கம் சாய்ந்தார்.

“டேப் ஒட்டினது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“போன திங்கக்கிழமை அவங்களுக்கு முட்டி ஆபரேஷன் இருந்திச்சு, தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி தள்ளிப் போட்டுட்டாங்க. அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுதானாம்.”

எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. எட்டு வருடமாக வாரம் தவறாமல் வந்தவரிடம் ‘கால் எப்படிக்கா இருக்கு’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இறங்கும்போது அவர் கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பதினைந்தாவது நாள் அலுவலகத்தில் இருநூற்று ஒன்பது நகல்களைக் கொடுத்தோம். பசை வியாபாரி ஒருவர் கடையை மூடிவிட்டதால் மூன்று கிடைக்கவில்லை. அதிகாரி நகல்களையும் நோட்டையும் என் புத்தகத்திலிருந்த பென்சில் எண்களையும் ஒத்துப் பார்த்தார். அந்த மூன்றுக்கு மட்டும் வரி கட்டச் சொன்னார். ஒரு வாரக் கடை வருமானத்துக்குள் அடங்கும் தொகை. பிறகு என் புத்தகத்தை மூடி முதுகைத் தடவினார்.

“பைண்டிங் பிரமாதமா இருக்கே. எங்க போட்டது?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் நோட்டை என் மேசையில் வைத்தார்.

“இனிமே நீயே எழுது தம்பி. பெரிய வித்தை இல்ல. அன்னன்னைக்கு எழுதணும், அவ்வளவுதான்.”

உறையில் போட்டு வைத்திருந்த பணத்தை நீட்டினேன். எண்ணினார். மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மீதியை மேசையில் வைத்தார். பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார். மாதாமாதம் கொடுப்பார், ‘நமக்குள்ள எதுக்குக்கா’ என்று நான் கசக்கிப் போடுவேன்.

“மீதி, பதினஞ்சு நாள் அலைஞ்சதுக்குக்கா.”

“அதுக்குப் பில் இல்லப்பா. பில் இல்லாதத நான் கணக்குல சேக்கறதில்ல.”

வாசலில் இரண்டே படி. ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கிப் போனார்.

ரசீதை ஜெராக்ஸ் எடுத்தேன். எனக்கென்று நான் எடுத்த முதல் நகல் அது. இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டு நோட்டைத் திறந்தேன். முதல் வரியில் தேதி போட்டு அக்காவின் சம்பளத்தை எழுதினேன். அடுத்த வரியில் எழுத எவ்வளவோ இருந்தது. எதற்கும் பில் இல்லை.