சகோதரி எஸ்தருக்குச் சுகமில்லை

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கல் விழுந்தால், எறிந்தவனுக்கு "டக்" என்று கேட்கிற சத்தம், உள்ளே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கள் தலையிலேயே விழுந்ததுபோலக் கேட்கும். சிறு வயதில் ஜெபம் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், முன்பு கருவாட்டுக் கிடங்காக இருந்த ஒரு நீளக் கட்டடத்தில் எங்கள் சபை நடந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து நெத்திலி வாசம் இறங்கும். சாயங்காலமானால் தெருப் பையன்கள் கூரைமேல் கல்லெறிவார்கள். மூப்பர் சாலமோன் ஐயா கண்ணைத் திறக்காமலே குரலை உயர்த்துவார். கல் பெரிதாகப் பெரிதாக ஜெபமும் பெரிதாகும்.

"சகோதரர் சபை" என்பது எங்கள் பெயர். பாதிரியார் கிடையாது, மணி கிடையாது, ஆர்மோனியம்கூடக் கிடையாது. ஆண்களில் யாருக்கு உள்ளே ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து ஜெபிக்கலாம், பாட்டு எடுத்துக் கொடுக்கலாம். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு மறுபக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், பாடுவதற்கும் "ஆமென்" சொல்வதற்கும் தவிர வாய் திறக்கக் கூடாது. தெருக்காரர்களுக்கு நாங்கள் "அல்லேலூயா கோஷ்டி". நாங்கள் அல்லேலூயா என்று கத்துகிறவர்களே இல்லை என்று விளக்கிச் சொல்ல எங்களில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர், பிறவியிலேயே சபைக்காரர். அம்மா காசிமேட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காகக் கம்மலையும் மாதா படத்தையும் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர், நாக்கை மட்டும் விடாமல் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வாரம் ஞாயிறு காலை "அப்பம் பிட்குதலில்" தொடங்கி சனி மாலைத் தெருப் பிரசங்கத்தில் முடியும், நடுவில் வேதபாடம், உபவாசம், புதன் பகலில் சகோதரிகளின் கூட்டம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா எழுந்து தொண்டையைச் செருமி அந்த வாரத்துச் செய்திகளைச் சொல்வார். யார் ஊருக்குப் போகிறார், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் சுகவீனமாயிருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அப்பாவின் வாயிலிருந்துதான் தெரியவேண்டும். சுகவீனம் என்று அறிவித்துவிட்டால் பக்கத்து வீட்டுச் சகோதரிகளில் யாராவது ஒருவர் அன்று மதியம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பவேண்டும் என்பது வழக்கம்.

அந்தச் செய்திகளில் அடிக்கடி வந்த பெயர் எஸ்தர் அக்காவுடையது. "சகோதரி எஸ்தருக்குச் சுகமில்லை, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்று அப்பா சொல்லும்போது ஆண்கள் பக்கத்தில் அவருடைய புருஷன் தாவீது அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். சபைக்கு வருவதற்கு முன் இடுப்பில் கத்தி வைத்துக்கொண்டு திரிந்தவர், அவர் பேரைச் சொன்னால் வார்ஃபில் பீடி அணையும் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் அழுதுகொண்டே வந்து ஞானஸ்நானம் எடுத்ததை எங்கள் மூப்பர்கள் தாங்களே செய்த காரியம்போலச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்கள்.

சனி மாலைகளின் கதாநாயகன் அவர்தான். தமிழ்நாட்டில் சாராயக் கடைகள் திறந்த புதிது, எனக்குப் பத்து வயது. கடைக்கு எதிரே ஒரு ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தாவீது அண்ணன் ஏறி நிற்பார். நாங்கள் சுற்றி நின்று பாடுவோம். முதலில் சாணி வரும், பிறகு கல் வரும். ஒருமுறை அவருடைய பழைய கூட்டாளி ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்து, "இன்னா மாமு, கை மடங்கிப்போச்சா? அப்பம் துன்னு துன்னு பொட்டையாய்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, சோடா பாட்டிலை அவர் நெற்றியிலேயே உடைத்தான். வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிந்து பித்தான் பித்தானாக இறங்கியது. தாவீது அண்ணனின் முஷ்டி இறுகியதை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். ஆனால் அவர் அந்த இரண்டு கைகளையும் கூப்பினார். "பாத்தீங்களா, இதுதான் மறுபிறப்பு!" என்று சாலமோன் ஐயா கண் கலங்கினார். நானும் அழுதேன். அவ்வளவு பெரிய மனிதர் நம் சபையில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை நெற்றியில் கட்டோடு வந்து அவரே எழுந்து அப்பத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். எஸ்தர் அக்கா வரவில்லை, சுகமில்லை என்று அப்பா அறிவித்தார். மதியம் அம்மா ரசம் சாதத்தைத் தூக்கில் போட்டு என்னை அனுப்பினார். கதவைத் திறந்த எஸ்தர் அக்காவின் ஒரு கண் மூடியே இருந்தது, சுற்றிலும் நாவற்பழ நிறம், உதடு பிளந்திருந்தது, தூக்கை வாங்கிய கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. "காய்ச்சல் கண்ணு, கிட்ட வராத" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து, "காய்ச்சல்ல கண்ணு வீங்குமாம்மா?" என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பங்கரைச் சுவரில் எறிந்தார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஆண்கள் இல்லாததால் பெண்கள் பேசலாம், வாய் விட்டு ஜெபிக்கலாம். அன்று எஸ்தர் அக்கா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மா போய் அந்த முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினார். பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எஸ்தர் அக்கா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "தெருவுல வாங்குறத அப்டியே சொமந்துகினு வந்து எம்மேல எறக்குதுக்கா. அங்க கைய கூப்புதுல்ல, அதுக்கும் சேத்து." யாரும் கல்லெறியாத சனிக்கிழமைகளில் மட்டும்தான் அவர் சோறு தின்றிருக்கிறார்.

அன்று மாலை அம்மா அப்பாவிடம் நேராகவே கேட்டார்: "ஒரு சனிக்கெழம அவன் அத கொன்னே போட்ருவான். நீ ஞாயித்துக்கெழம நின்னுகினு அப்பவும் சொகமில்லன்னு சொல்லுவியா?" அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூப்பர்களுக்கும் தெரிந்திருந்தது. "சும்மா கெட. வெளிய தெரிஞ்சா சபைச் சாட்சி கெட்டுரும். நாங்க தனியா புத்தி சொல்லிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். என் அப்பா கெட்டவர் இல்லை, எங்களை ஒருநாளும் கை நீட்டி அடித்தவர் இல்லை. ஆனால் சபையின் நல்ல பெயருக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த அந்தச் "சாட்சி" என்ற சொல்லின்மேல் எனக்கு வெறுப்பு வந்தது அன்றுதான், அது இன்னும் போகவில்லை.

அப்பம் பிட்குதலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். நடு மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒரே ஒரு அப்பமும் ஒரே ஒரு பாத்திரத்தில் திராட்சை ரசமும் வைத்திருப்பார்கள். ஒரு சகோதரர் ஸ்தோத்திரம் செலுத்தி அப்பத்தைப் பிட்டதும் தட்டு கைமாறிக் கைமாறிப் போகும், ஆளுக்கொரு துணுக்கு எடுத்துக்கொள்வார்கள். யார்மேலாவது மனஸ்தாபம் இருந்தால் அது தீரும்வரை அப்பத்தைத் தொடாமல் தட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடவேண்டும். எப்போதாவது யாராவது அப்படிச் செய்தால் வாரம் முழுவதும் சபையில் அதே பேச்சாக இருக்கும். ஞானஸ்நானம் எடுக்காத எங்களுக்கு அப்பம் கிடையாது என்பதால் பிள்ளைகள் நாங்கள் அந்தத் தட்டை விட்டுக் கண்ணெடுக்க மாட்டோம்.

புதன்கிழமைக் கூட்டம் கலையும்போது மற்றப் பெண்களிடம் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வாயத்தான மூடிக்கினு கீறோம். கை நம்முதுதான?"

அடுத்த ஞாயிறு தாவீது அண்ணன் எஸ்தர் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தொடர்ந்து காணோமே என்று சாலமோன் ஐயா கேட்டிருந்தார்போலிருக்கிறது. வழக்கம்போல தாவீது அண்ணனே எழுந்து உருக்கமாக ஸ்தோத்திரம் செலுத்தினார். முடிந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து "ஆமென்" வந்தது, பெண்கள் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. தட்டு ஆண்களைச் சுற்றிவிட்டு எங்கள் பாய்க்கு வந்தது. அம்மா அதை வாங்கி, தொடாமல், அடுத்தவருக்குக் கொடுத்தார். அவரும் கொடுத்தார். சாலமோன் ஐயாவின் மனைவி ஒரு நொடி தயங்கியதையும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தட்டை நகர்த்தியதையும் பார்த்தேன். கடைசியில் இருந்த எஸ்தர் அக்காவும் எடுக்கவில்லை. பாதி அப்பம் அப்படியே மேசைக்குத் திரும்பியது.

சாலமோன் ஐயா அரிசி மண்டிக்காரர். எதையும் திருப்பி அனுப்பினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். பெண்கள் ஏதோ கவனக்குறைவாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து தட்டை இரண்டாம் முறை எங்கள் பக்கம் அனுப்பினார். உலகத்தில் வேறு எந்தச் சபையிலும் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். முதல்முறை அது பெண்களின் மனஸ்தாபமாக மட்டும் இருந்தது. இரண்டாம் முறை தட்டு ஒவ்வொரு கையாக நின்று நின்று தொடப்படாமல் திரும்பியபோது, அது யார்மேல் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தாவீது அண்ணன் எழுந்தார். மேசையை ஒரு இடி இடித்துக்கொண்டு வந்தார், பாத்திரம் சரிந்து திராட்சை ரசம் வெள்ளைத் துணியெங்கும் ஓடியது. "என்னயே நாறடிச்சிட்ட இல்ல?" என்று கத்திக்கொண்டு எஸ்தர் அக்காவின் இடது காதோடு சேர்த்து அறைந்தார். மூட்டை தூக்கும் கை அது. அக்கா என்மேல் சாய்ந்து பாயில் விழுந்தார், விழுந்தவரை உதைத்தார், முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தார். காதிலிருந்து வந்த ரத்தம் என் பாவாடையில் சூடாக இறங்கியது. எங்கள் பெண்கள் முக்காடு நழுவ எழுந்தார்கள். குடையால் அடித்தார்கள், பாட்டுப் புத்தகத்தால் அடித்தார்கள், அம்மா அவருடைய கையைக் கடித்துத் தொங்கினார். காசிமேட்டில் கற்ற வசவுகள் அத்தனையும் அந்தக் கூடத்தில் முதல் முறையாகக் கேட்டன. ஆண்கள் பாய்ந்து பிடித்தபோது அப்பாவின் முகத்தில் ஒரு குத்து விழுந்து முன்பல் ஒன்று போயிற்று. அந்தச் "சுகவீனம்" என்ன வியாதி என்று, தெரிந்தே அறிவித்துவந்த அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தன் உடம்பில் விளங்கியது.

அடுத்த ஞாயிறு வீங்கிய உதட்டோடு அப்பா எழுந்து நின்றார். "சகோதரர் தாவீது தன் மனைவியை அடித்துவந்தார். நமக்குத் தெரிந்திருந்தது. அவரை ஐக்கியத்திலிருந்து நீக்கியிருக்கிறோம்" என்றார். அப்படியே நிறுத்தியிருக்கலாம். ஒழுங்கீனமாக நடந்ததற்காக என் அம்மாவும் இன்னும் இரண்டு சகோதரிகளும் சிலகாலம் கடைசிப் பாயில் உட்காரவேண்டும் என்பதையும் அவரே அறிவித்தார். "பின்னாடிதான் காத்து நல்லா வருது" என்று அம்மா வீட்டில் சொல்லிச் சிரித்தார். அப்பாவிடம் மட்டும் வெகுநாள் சிரிக்கவில்லை.

எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காத்திவாக்கத்தில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார்; கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தார். தாவீது அண்ணன் சபை வாசலிலேயே உட்கார்ந்து வாராவாரம் அழுதார். மறு வருஷம் மூப்பர்கள் அவரை மன்னித்து மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுத கையோடு சாலமோன் ஐயாவும் அப்பாவும் எஸ்தர் அக்காவை அழைத்துவரப் புறப்பட்டார்கள். அம்மா விடாப்பிடியாக என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அக்கா இறால் ஓடு உரித்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. கர்த்தர் அவரை மன்னித்துவிட்டார், சபையும் மன்னித்துவிட்டது, இனி நீயும் வரவேண்டியதுதானே என்று சாலமோன் ஐயா நிதானமாக எடுத்துச் சொன்னார். தலையைச் சற்றுத் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "நீங்கதான மன்னிச்சீங்க? உங்க வூட்டுக்கே இட்டுக்கினு போங்கய்யா."

சாலமோன் ஐயா அதைத்தான் செய்யவேண்டியதாயிற்று. மண்டிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்து, தன் வீட்டுச் சோறே போட்டு, தாவீது அண்ணன் சாகும்வரை வைத்துக்கொண்டார். சோறு போட்ட ஐயாவின் மனைவி ஒருநாளும் தாவீது அண்ணனோடு பேசவில்லை என்பார்கள்.

இப்போது அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மூப்பர்கள் ஒருவரும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை, சாராயக் கடை மூலையில் பெட்டிமேல் ஏறிப் பிரசங்கிக்கிறவர்களும் இல்லை. கட்டடம் இடிந்ததைச் சொல்லி வருத்தப்படுகிற பழைய சபைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எஸ்தர் அக்கா எர்ணாவூரில் தமக்கை மகளோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். அவரைப் பார்க்கப் போனால் வலது காதுப் பக்கமாகத்தான் உட்காரவேண்டும். போன மாதம் போனபோது அது நினைவில்லாமல் இடப்பக்கம் உட்கார்ந்து, என் பேரனின் படிப்பு, மருமகளின் வேலை என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தார். புறப்பட எழுந்தபோதுதான், "இன்னா கண்ணு, ஒண்ணுமே பேசல?" என்று கேட்டார்.