வள்ளிக்கண்ணு தேர்ந்த சன்னல் வலை

எதையும் சோதித்துப் பார்க்காமல் வள்ளிக்கண்ணு நம்பமாட்டாள். ஈர விறகு ஏன் நுரை தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே சோற்றைக் குழையவிட்டவள். அப்படியொரு தங்கை வாய்த்ததில் அக்கா ரெங்கம்மாளுக்குக் கொள்ளைப் பெருமை. தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக அவள் லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தாள்.

கொள்ளிடத்துப் பக்கத்து வீடு. பொழுது சாய்ந்தால் கொசு அப்பும். வள்ளிக்கண்ணுவின் புருஷன் செல்லக்கண்ணுவுக்கு அடிக்கடி நெறிகட்டிக் காய்ச்சல் வந்து, கால் வீங்கத் தொடங்கியிருந்தது. யானைக்கால்; ஒருவரைக் கடித்த கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோகும் என்றார் டாக்டர். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அது வந்துவிடக் கூடாதே என்பதுதான் வள்ளிக்கண்ணுவின் கவலை.

பிரசவ அறைச் சன்னலுக்குத் துணி வலை கட்டினால் பூனை கிழிக்கும். இரும்பு வலை ஆற்று ஈரத்தில் துருவேறும். பித்தளைதான் என்று முடிவானது. வலையின் கண் எவ்வளவு பொடியாக இருக்க வேண்டும்? காலையில் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களை டம்ளரில் பிடித்து, மேலே வீட்டுச் சல்லடைகளை மாற்றி மாற்றி வைத்தாள். அரிசிச் சல்லடை வழியே பறந்தன. ரவைச் சல்லடையில் ஒன்றும் தப்பவில்லை. பெரிய கடைவீதியில் ஷேக் தாவூதிடம் அந்தக் கண்ணிலேயே வலை வாங்கி அடித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் வள்ளிக்கண்ணு கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாரேன். வெளிய போக முடியாம முட்டிக்கிட்டு நிக்குது."

வலையின் உட்புறம் வயிறு சிவந்த கொசுக்கள்.

"கதவு வழியா வந்திருக்கும்டி."

"இடுக்குல துணி அடைச்சது நீதானே?" சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "ஐயோ! ரத்தம் குடிச்ச கொசுவைப் புடிச்சுல்ல சோதிச்சிருக்கேன். வர்றப்ப பட்டினி வயிறாச்சே!"

"வர்றப்ப ஒல்லி, போறப்ப குண்டு. விருந்துக்குப் போற உன் மாமா மாதிரி!"

அன்று சாயங்காலம் சாக்கடையோரம் பட்டினிக் கொசுக்களைப் பிடித்து, டம்ளரைத் துணியால் கட்டி, காலையில் கடைக்கே கொண்டுபோனாள்.

"தொறந்து விட்டுடாதீங்கம்மா, வர்ற யாவாரம் ஓடிடும்!" என்றார் ஷேக் தாவூது. ஆனாலும் வலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவரே எடுத்து நீட்டினார். ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்ட கண்ணில் ஒரு கொசுவும் தப்பவில்லை. ஊதினால் காற்று போயிற்று. அந்த வலையைத் தந்து, பழையதைச் சல்லடை கட்ட அவரே எடுத்துக்கொண்டார்.

புது வலை அடித்த மறுநாள் சுவரில் ஒரு கொசு இல்லை.

"இனிமே அவரும் திண்ணையில படுக்காம இங்கயே படுக்கட்டும்க்கா."

"பிள்ளை பெறுற அறையில ஆம்பளையாடி? ஊரு சிரிக்கும்."

"வெளிய படுத்தா, புள்ளையை என்னிக்காவது வெளிய தூக்கினா அவரைக் கடிச்ச கொசு அதையும் கடிக்காதா? அவரைக் கடிக்கவே விடக் கூடாது."

ரெங்கம்மாள் செல்லக்கண்ணுவின் பாயைச் சுருட்டி, தானே உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள்.